கடைத்தேங்காய் மன்னிப்பு

2009 ஆகஸ்ட் 25ஆம் தேதி அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி மூளைக் கட்டியால் இறந்தார். வயது 77. அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த நாட்டுத் தொலைக்காட்சிகளில் கண்ணீர் வற்றவேயில்லை. ‘செனட்டின் சிங்கம்’ சாய்ந்துவிட்டது, ஏழைகளின் குரல் ஓய்ந்துவிட்டது, கென்னடி சகோதரர்களில் கடைசியானவரும் போய்விட்டார். நடுவில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் பெரிய சோகம் ஒன்றைத் தாண்டி வந்த மனிதர் என்பார். மற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

அந்தச் சோகத்துக்கு ஒரு பெயர் உண்டு. மேரி ஜோ கோப்பெக்னி. 28 வயது. 1969 ஜூலை 18ஆம் தேதி இரவு செனட்டர் ஓட்டிய கார் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தபோது உள்ளே அடைபட்டுச் செத்தவர். செனட்டர் சோகத்தைத் தாண்டி வந்துவிட்டார். மேரி ஜோவால் கார்க் கதவைக்கூடத் தாண்ட முடியவில்லை.

அதே வாரம் பெரிய இணையப் பத்திரிகை ஒன்றில் ஒரு பெண் எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேலே ஏறினார். செனட் வரலாற்றிலேயே வெற்றிகரமான வாழ்க்கைக்குத் தன் சாவு தூண்டுகோலாக இருந்தது பற்றி மேரி ஜோ என்ன நினைப்பாரோ, யார் கண்டது, ‘அதற்குத் தகும்’ என்றுகூட நினைக்கலாம் என்ற பொருள்பட எழுதினார். எவ்வளவு தாராள மனசு! இருட்டில், தண்ணீருக்குள், மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவர், ‘போகட்டும், 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வரப்போகிறதே’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கண்மூட வேண்டும். இறந்துபோன பெண்ணின் கையைப் பிடித்து அவரையே ரசீதில் கையெழுத்துப் போட வைக்கிற இந்த வேலைக்கு அங்கே கருத்துக் கட்டுரை என்று பெயர்.

நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இரங்கல் கட்டுரைகள் இதை விரிவாகச் சொல்லாமல் இருக்கத்தான் எழுதப்படுகின்றன.

மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவு. அதை ஒட்டி சாப்பாக்விடிக் என்ற குட்டித் தீவு. முந்தின வருஷம் சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணன் ராபர்ட் கென்னடியின் தேர்தல் அலுவலகத்தில் இராப்பகலாக உழைத்த ஆறு இளம்பெண்களுக்கு அங்கே ஒரு வாடகை வீட்டில் விருந்து. பெண்கள் ஆறு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். ஆண்களும் ஆறு பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் கல்யாணம் ஆனவர்கள். இரவில் செனட்டர் மேரி ஜோவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எட்கார்டவுன் போகும் படகுத்துறைக்கு என்றார். மேரி ஜோவின் கைப்பையும் விடுதி அறைச் சாவியும் விருந்து வீட்டிலேயே கிடந்தன. படகுத்துறைக்குப் போகும் தார்ச்சாலை இடப்பக்கம் வளைகிறது. செனட்டர் வலப்பக்கம் மண்சாலையில் திரும்பினார். அது போய் முட்டும் இடத்தில் தடுப்பு இல்லாத ஒரு மரப்பாலம். கார் உப்பங்கழிக்குள் கவிழ்ந்தது.

செனட்டர் வெளியே வந்தார். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது என்றார். திரும்பத் திரும்ப முங்கிப் பார்த்தேன், முடியவில்லை என்றார். சரி, நம்புவோம். விபத்து யாருக்கும் நடக்கும், பயம் யாரையும் பிடிக்கும். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் விஷயம். பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. விளக்கு எரிந்தது என்று அந்த வீட்டார் சொன்னார்கள். செனட்டர் கண்ணில் எந்த வெளிச்சமும் படவில்லை. வழியில் தீயணைப்பு நிலையம் இருந்தது, அதையும் தாண்டினார். விருந்து வீட்டுக்கு வந்து, உள்ளே இருந்த பெண்களுக்குத் தெரியாமல், தன் உறவினர் ஒருவரையும் நண்பர் ஒருவரையும் கூப்பிட்டார். இருவரும் வழக்கறிஞர்கள். நண்பர் அதே மாநிலத்தில் மத்திய அரசு வழக்கறிஞராகவே பதவி வகித்தவர். சட்டம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. மூவரும் போய் முங்கிப் பார்த்தார்கள். போலீசைக் கூப்பிடவில்லை. செனட்டர் கால்வாயை நீந்திக் கடந்து எட்கார்டவுன் விடுதிக்குப் போனார். உடை மாற்றிக்கொண்டார். அதிகாலை இரண்டரை மணி வாக்கில் கீழே வந்து, பக்கத்தில் ஒரே சத்தமாக இருக்கிறது என்று விடுதிக்காரரிடம் குறைபட்டுக்கொண்டு, மணி என்ன என்று கேட்டார். விடிந்ததும் தெரிந்தவர் ஒருவரோடு படகுப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காவல் நிலையத்துக்கு வந்தபோது மணி கிட்டத்தட்ட பத்து. அதற்குள் மீன்பிடிக்க வந்த இருவர் காரைப் பார்த்து, தகவல் போய், முக்குளிப்பவர் உடலையே வெளியே எடுத்தாயிற்று.

அந்த முக்குளிப்பவர், ஜான் ஃபாரர், தான் பார்த்ததைச் சொன்னார். காருக்குள் மிஞ்சியிருந்த காற்றைத் தேடி முகத்தை உயர்த்திய நிலையில் மேரி ஜோ இருந்தார் என்றார். அந்தக் காற்று தீர்ந்துதான் செத்திருக்க வேண்டும் என்றார். உடனே கூப்பிட்டிருந்தால் 25 நிமிடத்தில் வெளியே எடுத்திருப்பேன் என்றார். மருத்துவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நீரில் மூழ்கிய மரணம் என்று எழுதினார். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. உடல் விமானமேறி பென்சில்வேனியாவுக்குப் போய்ப் புதைக்கப்பட்டது. பின்னால் தோண்டி எடுத்துப் பார்க்க அரசு வழக்கறிஞர் கேட்டபோது, பெற்றோரும் வேண்டாம் என்றார்கள், பென்சில்வேனியா நீதிபதியும் மறுத்துவிட்டார்.

ஜூலை 25. செனட்டர் நீதிமன்றத்துக்கு வந்து, விபத்து நடந்த இடத்தை விட்டுப் போன குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைப்பு. இந்த நீதிமன்றம் தரக்கூடிய எதையும்விடப் பெரிய தண்டனையை இவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார், இனியும் அனுபவிப்பார் என்று நீதிபதி ஜேம்ஸ் பாயில் உருகினார். தீர்க்கதரிசி! அதன்பிறகு செனட்டர் அனுபவித்த தண்டனையின் பட்டியல் பயங்கரமானது. ஏழு தேர்தல்களில் தொடர் வெற்றி. மேலும் நாற்பது வருஷம் செனட்டில் நாற்காலி. இங்கிலாந்து ராணியின் கௌரவ நைட் பட்டம். அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம். பாவம், மனிதர் எப்படித்தான் தாங்கினாரோ.

அன்று சாயங்காலமே தொலைக்காட்சியில் உரை. அதைச் செதுக்குவதற்கென்று ஹையானிஸ் போர்ட்டில் இருந்த குடும்ப வீட்டில் ஒரு மந்திரிசபையே கூடியிருந்தது. அண்ணன் ஜான் கென்னடிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த டெட் சோரன்சன் வந்தார். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா வந்தார். வியட்நாமுக்குள் இறங்கும் முன்னால்கூட இவ்வளவு யோசித்திருப்பாரா தெரியவில்லை. இத்தனை மூளைகளும் சேர்ந்து தயாரித்த உரையில், உடனே போலீசுக்குச் சொல்லாதது நியாயப்படுத்த முடியாத செயல் என்று ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல வாக்கியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கென்னடி குடும்பத்தின் மேல் ஏதாவது கொடிய சாபம் கிடக்கிறதோ என்று அந்த இரவு தனக்குத் தோன்றியதாகவும் சொன்னார். செத்தது கோப்பெக்னி வீட்டுப் பெண். சாபம் கென்னடி வீட்டுக்கு!

உரையின் முடிவில், நான் பதவியில் நீடிக்கலாமா, மாசசூசெட்ஸ் மக்களே, உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்றார். தந்திகள் குவிந்தன. நீடியுங்கள், நீடியுங்கள். மறுவருஷம் நவம்பரில் சுமார் 62 சதவீத ஓட்டு.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள். தேங்காய் யாருடையது? மன்னிக்கிற உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் லார்க்ஸ்வில் ஊர்க் கல்லறையில் கிடந்தார். அவருக்கு அடுத்தபடியாக அவருடைய அப்பா அம்மாவுக்கு இருந்தது. மேரி ஜோ அவர்களுக்கு ஒரே பிள்ளை. தந்தி அடித்த யாருடைய மகளும் அந்தக் காருக்குள் இல்லை. தனக்குச் செய்யப்படாத தீங்கை மன்னிப்பதில் இருக்கிற சுகமே தனி. ஒரு பைசா செலவு இல்லை. பெரிய மனுஷன் என்ற பெயர் மட்டும் வந்துவிடும்.

பத்திரிகைகளுக்கு வருவோம். அவர்களுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழக்கம் பழையது. 1951இல் ஹார்வர்டில் ஸ்பானிஷ் பரீட்சையைத் தனக்குப் பதிலாக நண்பனை எழுத வைத்து மாட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டவர் எட்வர்ட் கென்னடி. 1962இல் முதல் முறை செனட்டுக்கு நிற்கும்போது இது வெளியே வர இருந்தது. ‘பாஸ்டன் குளோப்’ நிருபர் என்ன செய்தார்? வெள்ளை மாளிகைக்குப் போனார். ஜனாதிபதி அண்ணனோடு உட்கார்ந்து, செய்தியை எப்படிப் போடலாம் என்று பேசி முடித்தார். ஹார்வர்டு பரீட்சை நிகழ்ச்சி பற்றி டெட் கென்னடி சொல்கிறார் என்ற தோரணையில், முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் அடக்க ஒடுக்கமாக வந்தது. பிட் அடித்துப் பிடிபட்ட பையனின் அண்ணனிடமே போய், ‘ஐயா, எப்படித் தலைப்பு வைக்கட்டும்?’ என்று கேட்டு எழுதிய இந்தப் பத்திரிகை உலகத்திடம்தான் ஏழு வருஷம் கழித்து ஒரு சாவு போய்ச் சேர்ந்தது.

1969 ஜூலையில் நிலா வேறு உதவிக்கு வந்தது. கார் கிடைத்த மறுநாள், ஜூலை 20ஆம் தேதி, அப்போலோ 11 நிலவில் இறங்கிவிட்டது. நிலவுக்கு ஆள் அனுப்புவோம் என்று அறிவித்தவர் அண்ணன் ஜான் கென்னடி. செத்து ஆறு வருஷமாகியும் தம்பியைக் கைவிடவில்லை. நிலவு விட்டுவைத்த இடத்தில் நியூயார்க் நாளிதழ் ஒன்று போட்ட தலைப்பு இது: ‘டெடி தப்பினார், பொன்முடிக்காரி மூழ்கினாள்’. ஒருவருக்குச் செல்லப்பெயர். இன்னொருவருக்குத் தலைமயிரின் நிறம்.

அந்தத் தலைமயிருக்குக் கீழே ஒரு மூளை இருந்தது. நியூஜெர்சியில் கால்டுவெல் மகளிர் கல்லூரியில் படித்து முடித்ததும் மேரி ஜோ போனது அலபாமாவின் மான்ட்கோமரிக்கு. இனவெறி கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில் அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு வாஷிங்டனில் செனட்டர் அலுவலக வேலை. ராபர்ட் கென்னடி வியட்நாம் போரை எதிர்த்து 1967இல் ஆற்றிய முக்கியமான உரையை இரவு முழுக்க விழித்துத் தட்டச்சு செய்தவர்களில் ஒருவர். 1968 தேர்தலில் எந்த மாநிலத்தில் எந்தப் பிரதிநிதி யார் பக்கம் சாய்கிறார் என்று கணக்கு வைக்கிற வேலை. தொலைபேசியும் ஞாபகசக்தியும் அரசியல் கூர்மையும் வேண்டிய வேலை. இப்படி ஒருவர் அரசியலில் எங்கே போய் நின்றிருப்பார்? நாற்பது வருஷத்தில் எத்தனை தலையங்கம் இந்தக் கேள்வியைக் கேட்டது? அவர்களுக்கு வேறு கவலை. சாப்பாக்விடிக் சம்பவம் கென்னடியின் ஜனாதிபதிக் கனவைப் பறித்துவிட்டதே! ஐயோ, என்ன இழப்பு! 29ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செத்தவருக்கு ஒன்றும் போகவில்லை. 77 வயது வரை வாழ்ந்தவர்தான் வெள்ளை மாளிகையைப் பறிகொடுத்தார்.

துருவிக் கேட்ட நிருபர்கள் இல்லாமல் இல்லை. 1979 நவம்பர் 4ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் ரோஜர் மட், செனட்டரை உட்கார வைத்து சாப்பாக்விடிக் பற்றி நேராகவே கேட்டார். செனட்டர் திணறினார். (அதே நேரத்தில் இன்னொரு சேனலில் ‘ஜாஸ்’ படம் ஓடியது. தண்ணீரில் சுறா ஆளைத் தின்பதைப் பார்க்க ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.) அந்தப் பேட்டியில் எது சரித்திரமானது தெரியுமா? ஏன் ஜனாதிபதியாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் தட்டுத்தடுமாறியது. அரசியல் நிருபர்கள் இன்றைக்கும் அதைத்தான் பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்ததை மன்னிக்கலாம். கேமராவுக்கு முன்னால் பதிலை ஒழுங்காக மனப்பாடம் செய்யாமல் வந்ததை எப்படி மன்னிப்பது?

செனட்டரின் மரணத்துக்குப் பிறகு தொடங்கியது பிராயச்சித்தக் கணக்கு. தவறு செய்தார், ஆனால் நாற்பது வருஷம் உழைத்து அதைக் கழுவிவிட்டார் என்றார்கள். இந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் உரக்கவே சொல்லலாம். அமெரிக்காவில் இன்று நிலைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கதவைத் திறந்தது 1965ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டம். அதைச் செனட்டில் முன்னின்று நடத்தியவர் இவர். 1971இல் வங்காள அகதி முகாம்களுக்கு நேரில் வந்து பார்த்து, பாகிஸ்தானை ஆதரித்த நிக்சன் அரசைக் கிழித்தவரும் இவர்தான். நல்ல காரியங்கள். யார் மறுத்தார்? ஆனால் 1965 என்பது 1969க்கு நாலு வருஷம் முன்னால் வருகிறது. பாவம் செய்யுமுன்னே பிராயச்சித்தத்துக்கு அட்வான்ஸ் கட்டிவைக்கும் வசதி செனட்டர்களுக்கு மட்டும் உண்டு போலும். எல்லா நல்ல காரியத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, ஒரு பிணத்தின் எடைக்கு எடை சரியாகிவிட்டது என்று அறிவிக்கிறவர்கள், அந்த உழைப்புக்கு அவர் 46 வருஷம் சம்பளம், அதிகாரம், புகழ் எல்லாம் வாங்கினார் என்பதை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

இந்த மன்னிப்புக்கு வட்டி கட்டியது யார் என்பதையும் பார்த்துவிடலாம். 1991 அக்டோபர். உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் தன்னிடம் ஆபாசமாகப் பேசினார் என்று அனிதா ஹில் செனட் குழுவின் முன்னால் சாட்சி சொன்னார். குழுவில் ஆண்கள் மட்டும். அவர்களில் பெண்ணுரிமைக்குப் பேரெடுத்தவர் கென்னடி. அவர் வாய்தான் கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. அதே வருஷம் புனித வெள்ளி இரவில் பாம் பீச்சில் மகனையும் அக்கா மகனையும் எழுப்பி மதுக்கடைக்குக் கூட்டிப் போயிருந்தார். அன்றிரவு நடந்ததாக அக்கா மகன் மீது பாலியல் வழக்கு இருந்தது. (டிசம்பரில் ஜூரி அவரை விடுதலை செய்தது.) கென்னடி வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி சாப்பாக்விடிக்கை இழுக்கும். தாமஸுக்கு எதிராக ஓட்டு மட்டும் போட்டார். 52க்கு 48 என்று தாமஸ் ஜெயித்தார். அனிதா ஹில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மேஜையின் மேல் மாசசூசெட்ஸ்காரர்கள் உடைத்த தேங்காயின் ஓடு கிடந்தது.

எதிர்க்கட்சி என்றதும் அவர்களை உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மேரி ஜோவை நாற்பது வருஷம் மறக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். கம்பை வைத்திருப்பார்களே, அடிப்பதற்கு, அந்த மாதிரி. வாட்டர்கேட்டில் யாரும் மூழ்கிச் சாகவில்லை என்று கார் பம்பரில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். நிக்சனின் வெள்ளை மாளிகை, டோனி உலாசெவிச் என்ற துப்பறிவாளரை நிருபர் வேஷத்தில் எட்கார்டவுனுக்கு அனுப்பியது. நிஜ நிருபர்கள் ஹையானிஸ் போர்ட் வாசலில் காத்துக் கிடக்க, போலி நிருபர் ஊருக்குள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் மேரி ஜோவுக்காக வரவில்லை. அடுத்த தேர்தலுக்காக வந்தார். தங்கள் கட்சிக்காரன் பெண்களை நடத்திய விதம் அம்பலமாகும்போது இதே கூட்டம், பழைய கதையை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்கும். ஒரு கட்சிக்கு மேரி ஜோ மறக்க வேண்டிய பெயர், இன்னொரு கட்சிக்கு எறிய வேண்டிய கல். மனுஷியாக நினைத்தவர்கள் பென்சில்வேனியாவில் இருந்த இரண்டு வயதானவர்கள்.

செத்தவரைப் பற்றிக் குறைசொல்லக் கூடாது என்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான். அமெரிக்கர்களும் 2009இல் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள். ஆனால் இந்தக் கதையில் செத்தவர்கள் இரண்டு பேர். 1969இல் முதலில் செத்தவரைப் பற்றி, கல்யாணமான ஆளோடு அந்த நேரத்தில் காரில் அவளுக்கு என்ன வேலை என்று நாடே நாக்கில் போட்டு மென்றதே, அப்போது அந்தப் பண்பாடு எங்கே போயிருந்தது?

மன்னித்தாயிற்று, மன்னித்தாயிற்று என்கிறார்கள். எதை? 1970 ஜனவரியில் மூடிய கதவுக்குப் பின்னால் மரண விசாரணை நடந்தது. உருகிய அதே நீதிபதி பாயில், செனட்டர் படகுத்துறைக்குப் போகும் எண்ணத்தில் கிளம்பவில்லை, மண்சாலையில் வேண்டுமென்றே திரும்பினார், கவனக்குறைவாக ஓட்டினார் என்று நம்ப இடமிருக்கிறது, அது சாவுக்குக் காரணமாக இருந்ததாகத் தோன்றுகிறது என்று எழுதிவைத்தார். அறிக்கை ஏப்ரலில் வெளியே வந்தது. எழுதிய நீதிபதியும் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை, படித்த அரசு வழக்கறிஞரும் செய்யவில்லை. மேரி ஜோ கோப்பெக்னியின் சாவுக்காக அமெரிக்காவில் எவர் மேலும் கடைசிவரை ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை.